ஒசில் கெட்டுப்போனால் ஜேர்மனி சரியாகிவிடுமா?

2025 பெப்ரவரியில் மெசூத் ஒசில் துருக்கியின் ஆளும் நீதி மற்றும் அபிவிருத்திக் கட்சியின் மத்திய நிறைவேற்று சபைக்குத் தெரிவானார். ஜேர்மனிக்காக 92 போட்டிகளில் ஆடியவர், 2014 இல் உலகக் கிண்ணத்தை ஏந்தியவர், இன்று எர்டோகனின் கட்சிப் பிரமுகர். 2018 இல் அவரைத் துரத்தியடித்ததை நியாயப்படுத்தியவர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம். அன்றே சொன்னோமே என்று மார்தட்டுகிறார்கள். ஒருவன் பின்னால் எங்கே போய்ச் சேர்ந்தான் என்பதைக் கொண்டு, முன்னால் அவனுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்குக் கணக்குத் தீர்க்கும் இந்தத் தர்க்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒசிலின் அரசியலுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. 2018 மே 13 அன்று இலண்டனில் எர்டோகனுடன் அவர் சிரித்தபடி எடுத்துக்கொண்ட படம் எனக்கு அருவருப்பூட்டியது. 2016, 2017, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் உலகிலேயே அதிக ஊடகவியலாளர்களைச் சிறையில் அடைத்து வைத்திருந்த நாடு என்று சர்வதேச ஊடக அமைப்பு பட்டியலிட்டது துருக்கியைத்தான். பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்தவன் அதை மறந்துவிட்டு அந்தப் படத்தைப் பார்க்க முடியாது. துருக்கியில் தேர்தலுக்கு ஆறு வாரங்களே இருந்தன. அந்த உயர்பதவிக்குரிய மரியாதையையே செலுத்தினேன், அது அரசியல் அல்ல என்றார் ஒசில். நான் நம்பவில்லை. 2019 இல் அவரது திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவரும் அதே எர்டோகன்தான். 2023 இல் அவர் மார்பில் வெளிப்பட்ட ஓநாய்ப் பச்சை, துருக்கியத் தீவிரத் தேசியவாதிகளின் அடையாளம். இவற்றைக் கண்டிக்க எவருக்கும் உரிமை உண்டு, நானும் கண்டிக்கிறேன்.

ஆனால் 2018 கோடையில் நடந்தது கண்டனம் அன்று.

ஆளைச் சற்று அறிந்துகொள்வோம். நிலக்கரிச் சுரங்க நகரமான கெல்சன்கேர்ஹனில் 1988 இல் பிறந்தவர். பாட்டனார் கூலித் தொழிலுக்கு வந்த தலைமுறை. கம்பி வேலி அடைத்த, குரங்குக் கூண்டு என்று ஊரார் அழைத்த ஒரு சிறு திடலில் பந்து பழகியவர். துருக்கிக் குடியுரிமையைத் துறந்தே ஜேர்மனிச் சீருடையை அணிந்தார். 2010 உலகக் கிண்ணத்தில் கானாவுக்கு எதிராக அவர் இடது காலால் அடித்த கோலை உதைபந்தாட்ட இரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன்பின் ரியல் மட்ரிட். 2013 இல் 42.5 மில்லியன் பவுணுக்கு ஆர்சனல். தான் கோலடிப்பதைவிட மற்றவரைக் கோலடிக்க வைப்பதில் இன்பம் கண்ட வீரர். 2015-16 பருவத்தில் பிரீமியர் லீக்கில் மட்டும் 19 கோல்களுக்கு வழிசமைத்துக் கொடுத்தார். இத்தகைய நடுக்கள வீரனுக்கு ஒரு சாபம் உண்டு: முன்னால் நிற்பவன் கோலை அடித்தால் புகழ் அவனுக்கு, அடிக்காவிட்டால் இவன் சோம்பேறி. தொங்கிய தோளும் சலனமற்ற முகமும் அவருக்கு எதிரான சாட்சியங்களாகின.

2010 ஒக்டோபரில் பேர்லினில் துருக்கியை ஜேர்மனி 3-0 என வென்றது. துருக்கிய இரசிகர்கள் ஒசிலை ஊளையிட்டனர். அவரும் ஒரு கோல் அடித்தார், கொண்டாடவில்லை. ஆட்டம் முடிந்ததும் அரசுத் தலைவி அங்கெலா மேர்க்கல் உடைமாற்றும் அறைக்கே சென்று, மேலாடை இல்லாமல் நின்ற ஒசிலின் கையைக் குலுக்கினார். அரசின் செய்தித் திணைக்களமே அந்தப் படத்தை வெளியிட்டது. அடுத்த மாதம் சமூக ஒருங்கிணைவுக்கான பம்பி விருதும் அவருக்குக் கிடைத்தது. அரசியல்வாதியுடன் படம் எடுப்பது அன்று குற்றமாகவில்லை. இந்த நாட்டில் பிறந்த இளைஞனுக்கு இந்த நாட்டோடு ஒருங்கிணைந்ததற்காக விருது ஏன் என்று கேட்டவர்களும் அதிகம் இல்லை.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. 2018 உலகக் கிண்ணத்தில் மெக்சிக்கோவிடமும் தென்கொரியாவிடமும் தோற்று, நடப்புச் சம்பியன் முதற் சுற்றிலேயே வீடு திரும்பியது. தென்கொரியாவுடனான ஆட்டத்தில் சகாக்களுக்கு 7 வாய்ப்புகளை உருவாக்கிக் கொடுத்தவர் ஒசில். ஒன்றையேனும் எவரும் கோலாக்கவில்லை. ஆனால் அணியின் முகாமையாளர் ஒலிவர் பியர்ஹோவ், ஒசிலை அழைத்துச் செல்லாமல் விடுவது பற்றி யோசித்திருக்க வேண்டும் என்று செவ்வி கொடுத்தார். சங்கத் தலைவர் ரைன்ஹார்ட் கிரிண்டல், ஒசில் பகிரங்க விளக்கம் தரவேண்டும் என்றார். பதினொரு பேர் தோற்றார்கள். விளக்கம் கேட்கப்பட்டது துருக்கிப் பெயர் கொண்ட ஒருவரிடம்.

கேட்டவர்களின் யோக்கியதையையும் பார்ப்போம். கிரிண்டல் 2004 இல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது, பல்பண்பாட்டுச் சமூகம் என்பதே பொய் என்ற பொருள்படப் பேசியவர். ஒசிலின் ஒழுக்கத்தை விசாரித்த ஓராண்டுக்குள், உக்ரேனிய உதைபந்தாட்ட நிர்வாகி ஒருவரிடம் விலையுயர்ந்த கைக்கடிகாரத்தைப் பரிசாக வாங்கிய விவகாரத்தில் பதவி விலகினார். ஒசில் பல ஆண்டுகளாகக் குப்பையாகத்தான் ஆடினார், போனது நல்லது என்று சொன்ன பயர்ன் மியூனிக் தலைவர் ஊலி ஹேனஸ், 28.5 மில்லியன் யூரோ வரி ஏய்ப்புக்காக 2014 இல் சிறைத்தண்டனை பெற்றவர். வெளியே வந்ததும் கழகத் தலைமை அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அவருடைய ஜேர்மனியத் தன்மையை எவரும் சந்தேகிக்கவில்லை. அதே யூலை மாதத்தில் லோதர் மத்தேயஸ் மொஸ்கோ சென்று புட்டினுடன் கைகுலுக்கிப் படம் எடுத்தார். அவர் ஜேர்மனியத் தேசிய அணியின் கௌரவத் தலைவர். அந்தக் கௌரவம் பறிக்கப்படவில்லை.

2018 யூலை 22 அன்று ஒசில் விலகினார். வென்றால் நான் ஜேர்மனியன், தோற்றால் குடியேற்றவாசி என்று அவர் எழுதியது உலகெங்கும் பரவியது. எனக்கு அதைவிடக் கூர்மையாகப் பட்டது அவர் கேட்ட இன்னொரு கேள்வி: போலந்தில் பிறந்த குளோசவையும் பொடோல்ஸ்கியையும் போலந்து-ஜேர்மனியர் என்று எவரும் எழுதுவதில்லையே, என்னை மட்டும் ஏன் துருக்கி-ஜேர்மனியன் என்கிறீர்கள்? ஜேர்மனிய உதைபந்தாட்டச் சங்கம் இனவாதக் குற்றச்சாட்டை மறுத்தது. இந்தக் கேள்விக்கு மறுமொழி வரவில்லை.

குடிமகன் ஒருவன் முட்டாள்தனமான கருத்து வைத்திருக்கலாம். கேடான தலைவனை ஆதரிக்கலாம். அதற்காக அவனோடு சண்டை பிடியுங்கள், எழுதுங்கள், வேண்டுமானால் அணியில் இருந்தும் நிறுத்துங்கள். படம் வெளியான மே மாதத்திலேயே நிறுத்தியிருந்தால் அது ஒரு கொள்கை என்றாவது சொல்லியிருப்பேன். அப்போது அவர் தேவைப்பட்டார், கொண்டுபோனார்கள். தோற்ற பிறகுதான் படம் பாவமாயிற்று. உரிமையாக இருக்கவேண்டிய குடியுரிமை, நன்னடத்தைக்குக் கொடுக்கும் சன்மானமாக மாறிய இடம் அது. ஐரோப்பாவில் பிள்ளை வளர்க்கும் எம்மவர்கள் எர்டோகனை வெறுக்கட்டும். ஆனால் இந்தச் சன்மானக் கணக்கை ஒருமுறை நின்று பார்க்கட்டும்.

2019 டிசம்பரில் ஒசில், சீனாவில் உய்குர் முஸ்லிம்கள் படும் துன்பத்தையும் அதைக் கண்டும் மௌனம் காத்த முஸ்லிம் நாடுகளையும் சாடி எழுதினார். அவர் சொன்னவற்றுள் நான் முழு மனதோடு கைதட்டியது இதற்குத்தான். சீன அரசுத் தொலைக்காட்சி ஆர்சனல்-மன்செஸ்டர் சிற்றி ஆட்டத்தின் ஒளிபரப்பை நிறுத்தியது. சீனக் கணினி விளையாட்டிலிருந்து அவர் உருவமே அகற்றப்பட்டது. ஆர்சனல் என்ன செய்தது? அது ஒசிலின் தனிப்பட்ட கருத்து, கழகம் எப்போதும் அரசியலில் ஈடுபடுவதில்லை என்று சீன மொழியில் அறிவித்துத் தப்பிக்கொண்டது. சர்வாதிகாரியோடு படம் எடுத்தால் ஜேர்மனியில் தவறு. சர்வாதிகார அரசை எதிர்த்துப் பேசினால் இலண்டனில் சங்கடம்.

குண்டோகனைப் பாருங்கள் என்பது எதிர்த்தரப்பின் கடைசி ஆயுதம். அதே நாளில் எர்டோகனுடன் படம் எடுத்தவர் இல்காய் குண்டோகன். கையெழுத்திட்டுக் கொடுத்த சீருடையில் எர்டோகனை "என் ஜனாதிபதி" என்று விளித்தவரும் அவரே. ஆனால் பணிந்து விளக்கம் சொன்னார், ஏற்றுக்கொள்ளப்பட்டார், 2024 ஐரோப்பியக் கிண்ணத்தில் ஜேர்மனியின் அணித்தலைவராகவும் ஆனார், ஆகவே பிழை ஒசிலிடம்தான் என்கிறார்கள். அந்தப் போட்டி தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், ஜேர்மனியப் பொது ஒலிபரப்பு நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பு வெளியானது. தேசிய அணியில் வெள்ளைத்தோல் வீரர்கள் கூடுதலாக இருந்தால் நல்லது என்றவர்கள் 21 சதவீதம். விளக்கம் சொல்லி, பொறுத்திருந்து, தலைமைப் பட்டியையும் கையில் கட்டிக்கொண்ட குண்டோகனைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். அணித்தலைவருக்குத் துருக்கிய வேர் இருப்பது வருத்தத்துக்குரியது என்றவர்கள் 17 சதவீதம்.