பழைய பந்தயச் சைக்கிளுக்கு ஒரு பற்சக்கரம் போதும்

(பழைய மாணவன் ஒருவன்)

ஒரு கருவியைப் பயன்படுத்துவோன் அதன் உள்ளமைப்பையும் ஓரளவாயினும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது கல்வியின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. நம் மாணவர் நாள்தோறும் கையாளும் கருவிகளை எண்ணிப் பார்ப்போமாயின் இக்கொள்கைக்கு இன்று இடந்தருவன மிகச் சிலவே என்பது புலனாகும். கைத்தொலைபேசியைத் திறந்து திருத்தும் மாணவனைக் காண்டல் அரிது. மோட்டார் வண்டியின் இயந்திரமும் கணினியின் ஆட்சிக்கு உட்பட்டுவிட்டது. துவிச்சக்கரவண்டி ஒன்றே தன் உறுப்புக்களையெல்லாம் ஒளிவு மறைவின்றி வெளியே காட்டி நிற்கின்றது. அதனைக் கழற்றவும், கழுவவும், மீண்டும் பூட்டவும் பதினைந்து வயதுப் பையனால் இயலும். இவ்வெளிய உண்மையை அடிப்படையாகக் கொண்டு, நம் கல்லூரியின் நிறைவு விழாக் காலத்தில், பழைய மாணவர்களின் முன்னே ஒரு கருத்தை வைக்க விரும்புகின்றேன்.

நம் வீடுகள் பலவற்றின் பின்புறங்களிலும் வண்டிக் கொட்டகைகளிலும் பழைய பந்தயச் சைக்கிள்கள் கிடக்கின்றன. வளைந்த கைபிடியும், மெல்லிய ரயரும், முன்னே இரண்டு பற்சக்கரங்களும், பின்னே ஐந்து அல்லது ஆறு பற்சக்கரங்களும் உடையன அவை. சில வெளிநாடு சென்றோர் விட்டுச் சென்றவை. சில ஜப்பானிலிருந்து பழையனவாக இறக்குமதியானவை. கடற்காற்றின் உப்பு முதலில் கெடுப்பது அவற்றின் கியர் மாற்றும் பொறியையே. சிறு சில்லுகள் இறுகிவிடும், கம்பி அறுந்துவிடும், மாற்று உறுப்புக் கிடையாது. உடனே, "இது இனி உதவாது" என்று தீர்ப்புக் கூறிப் பழைய இரும்பு வாங்குவோனிடம் நிறுத்துக் கொடுத்துவிடுகின்றோம். சட்டம் நல்ல உருக்கு, சில்லுகள் நேராயுள்ளன, கிராங் உறுதியாக உள்ளது. நோயுற்ற ஓர் உறுப்பின்பொருட்டு உடல் முழுவதையும் எரிப்பாரும் உளரோ?

என் கருத்து இதுவே: அப்பொறியை நீக்கிவிட்டு, முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரண்டு பற்சக்கரங்களை மட்டும் வைத்து அவ்வண்டியை ஓடச் செய்க, ஓடச் செய்து அதனை ஒரு மாணவனுக்குக் கொடுக்க.

இஃது ஏதோ பின்னோக்கிச் செல்லும் யோசனை என்று சிலர் கருதக்கூடும். வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ஜோன் கெம்ப் ஸ்ராலி என்பார் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1885 இல் இயற்றிய ரோவர் வண்டியே இன்றைய சைக்கிளின் மூதாதை. அதற்கிருந்த வேகம் ஒன்றே. அதுவும் நிலைச்சக்கர வேகம், அதாவது சில்லு சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டேயிருக்கும், காலுக்கு ஓய்வில்லை. பெடலை நிறுத்தினாலும் வண்டி ஓடத்தக்க பிறீவீல் 1900 ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே பரவலாயிற்று. 1903 இல் தொடங்கிய பிரான்சு நாட்டு நெடும்பந்தயத்தில் சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவச் செய்யும் பொறி 1937 வரை அனுமதிக்கப்படவில்லை. வீரர் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சில்லைக் கழற்றித் திருப்பிப் பூட்டி, மறுபுறத்திலிருந்த பெரிய பற்சக்கரத்தால் மலையேறினர். அப்பந்தயத்தைத் தோற்றுவித்த ஹென்றி தெகிராஞ்சு, கியர் மாற்றும் பொறி நாற்பத்தைந்து வயதைக் கடந்தோர்க்கே உரியது என்னும் கருத்துப்பட 1902 இல் எழுதினார். அவர் கூற்றை நாம் அப்படியே ஏற்கவேண்டுவதில்லை. அல்ப்சு மலையில் ஏறுவோனுக்குப் பல பற்சக்கரங்கள் வேண்டும் என்பதைக் காலமே நிறுவிவிட்டது. ஆயின் மலையே இல்லாத நாட்டில் மலைக்குரிய பொறி பழுதுற்றதென்று வண்டியை எறிந்துவிடுதல் எவ்வகை அறிவு?

யாழ்ப்பாணக் குடாநாடு சமதரை. ராலி, ஹம்பர் முதலிய கனத்த வண்டிகள் ஒற்றைப் பற்சக்கரத்துடனேயே நம் பாட்டனாரையும் தந்தையாரையும் சுமந்தன. 1990 களில் எரிபொருளுக்குத் தடையிருந்த காலத்தில் நோயாளியும், விறகும், நெல்மூட்டையும், குடும்பம் முழுவதும் சைக்கிளிலேயே சென்றமையை நம்முள் பலர் கண்ணாற் கண்டவர்கள். 2022 இல் நாடெங்கும் பெற்றோலுக்கு வரிசை நீண்டபோது சைக்கிளின் மதிப்பு ஒரே மாதத்தில் உயர்ந்தது, விலையும் உயர்ந்தது, வாங்க வழியற்றோர் நடந்தனர். அந்நாளில் கொட்டகைகளில் துருவேறிக் கிடந்த பந்தய வண்டிகள் எத்தனை! ஒரு மாலைப் பொழுதின் வேலையால் அவற்றுள் பலவற்றை வீதிக்குக் கொணர்ந்திருக்கலாம்.

நமக்கு மலை இல்லையேனும் காற்று உண்டு. சோளகம் வீசும் மாதங்களில் பண்ணைத் தாம்போதி வழியே தீவுப்பகுதிக்குச் சைக்கிளோட்டிச் சென்றவன் அதனை மறவான். ஆதலின் பற்சக்கரத்தைத் தெரிவு செய்யும்போது காற்றையே மலையாகக் கொள்ளல் வேண்டும். கணக்கு எளிது. முன்சக்கரத்தில் 42 பற்களும் பின்சக்கரத்தில் 16 பற்களும் இருப்பின், பெடல் ஒருமுறை சுற்றும்போது பின்சில்லு 2.6 முறைக்குச் சற்று மேலாகச் சுழலும். பந்தயச் சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீற்றராதலின் வண்டி 5.5 மீற்றர் முன்செல்லும். பின்னே 18 பற்களாயின் 4.9 மீற்றர் செல்லும். நிமிடத்துக்கு 70 முறை மிதிப்பவன் முதலாவதால் மணிக்கு 23 கிலோமீற்றரும், இரண்டாவதால் 20 கிலோமீற்றருக்குச் சற்று மேலும் செல்வான். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு காற்றில்லா நாளிற் சிறிது. எதிர்காற்று நாளிற் பெரிது. புத்தகப் பையுடன் வரும் மாணவனுக்கு 42 உம் 18 உம் பொருந்தும் என்பதே என் துணிபு. விகிதம் என்னும் பாடத்தைக் கரும்பலகையில் மட்டும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனைச் சற்று நோக்குவார்களாக.

மாற்றும் முறையும் கடினமன்று. முதலில் பின்சில்லின் அச்சுப் பொருந்தும் பிளவை நோக்குக. அது முன்பின்னாகக் கிடையாக நீண்டிருப்பின் நன்று. சில்லைப் பின்னே இழுத்துச் சங்கிலியை அளவாக இறுக்கலாம். பழைய உருக்கு வண்டிகளிற் பெரும்பாலானவை இவ்வகையின. பிளவு செங்குத்தாயின் சங்கிலியை இறுக்கத் தனியே ஒரு சிறு சில்லு வேண்டும். அடுத்து, பல பற்களுடைய பழைய பிறீவீலைக் கழற்றி அதே மரையில் ஒற்றைப் பிறீவீலைப் பூட்டுக. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்றல் வேண்டும். இதுவே வேலையின் உயிர்நிலை. கோடு சாய்ந்தால் சங்கிலி முனகும், பல் தேயும், ஈற்றிற் சங்கிலி கழன்றுவிடும். அச்சிலுள்ள வளையங்களை இடம் மாற்றியும், முன்னுள்ள இரண்டு பற்சக்கரங்களுள் ஏற்றதைத் தெரிந்தும் கோட்டை நேராக்கலாம். அச்சை நகர்த்தினாற் சில்லு ஒருபுறம் சாயும். கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் அதனை மீண்டும் நடுவிற் கொணர்க. சங்கிலியும் பல்லும் அகலத்தில் ஒத்திருத்தல் வேண்டும். ஓர் அங்குலத்தின் எட்டிலொரு பங்கு அகலமுள்ள பல், பந்தய வண்டியின் ஒடுங்கிய சங்கிலியினுட் புகாது. இறுதியாகச் சங்கிலியை வெட்டி இணைத்து, அதன் நடுவை விரலால் அசைத்துப் பார்த்தால் மேலுங் கீழுமாக அரை அங்குலமளவு அசைதல் போதுமானது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்திக் கூறக் கடமைப்பட்டுள்ளேன். ஒற்றைப் பற்சக்கரம் வேறு, நிலைச்சக்கரம் வேறு. பெருநகரங்களிற் கடிதம் கொண்டுசெல்வோர் நிலைச்சக்கர வண்டியை விரும்பி ஏற்றதைக் கண்டு, உலகெங்கும் இளைஞர் பிறேக்கையும் நீக்கிவிட்டு அதனை ஓட்டத் தலைப்பட்டனர். நிலைச்சக்கரத்துக்குச் சிறப்பு இல்லையென்பது என் வாதமன்று. அது காலுக்குச் சீரான சுழற்சியைப் பழக்கும்; இங்கிலாந்தின் சைக்கிள் கழகத்தார் குளிர்காலப் பயிற்சிக்கு அதனைக் கையாண்டனர். 1948 இல் ஜப்பானில் தொடங்கிய கெய்றின் பந்தயம் பிறேக் இல்லாத நிலைச்சக்கர வண்டிகளிலேயே நடைபெறுகின்றது. ஆனால் அது சரிவாக அமைக்கப்பட்ட ஓடுபாதை. அங்கே குறுக்கே மாடு வாராது, முச்சக்கரவண்டி திரும்பாது, பாலகன் பந்தைத் தொடர்ந்து ஓடிவாரான்.

வீதியில் என்ன நேரும் என்பதற்கு 2016 இல் இலண்டனில் நிகழ்ந்தது சான்று. முன் பிறேக் இல்லாத நிலைச்சக்கர வண்டியில் வந்த இளைஞன் மோதியதாற் பாதசாரியான பெண்ணொருவர் உயிரிழந்தார். மறு ஆண்டில் அவ்விளைஞனுக்கு 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதற்கு 1861 ஆம் ஆண்டுச் சட்டமொன்றைத் தேடியெடுக்க நேர்ந்தது. நிலைச்சக்கர வண்டியாயினும் முன்சில்லில் பிறேக் இருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அவ்விதிக்குக் காரணம் இயற்கையே. வண்டியைத் தடுக்கும்போது பாரம் முன்னோக்கிச் சாய்கின்றது. ஆகவே தடுக்கும் ஆற்றலிற் பெரும்பங்கு முன்சில்லுக்கே உரியது. பின்சில்லை மட்டும் காலால் மறிப்பவன் அச்சிறந்த பங்கைக் கைவிட்டவனாகின்றான்.

பிறிதொரு தீங்கும் உண்டு. நிலைச்சக்கரத்துக்கென ஆக்கப்பட்ட குடத்தில், பற்சக்கரத்தைத் தாங்கும் மரைக்கு எதிர்த்திசை மரையில் ஒரு பூட்டு வளையம் இருக்கும். காலாற் பின்னோக்கி அழுத்தும்போது பற்சக்கரம் கழன்றுவிடாமற் காப்பது அதுவே. பழைய பந்தய வண்டியின் குடத்தில் அவ்வெதிர்மரை இல்லை. அதில் நிலைச்சக்கரத்தை வெறுமனே முறுக்கி ஓட்டுபவன், நிறுத்த வேண்டிய நேரத்திலேயே சக்கரம் கழலும் ஆபத்தைத் தேடிக்கொள்கின்றான். மேலும், சில்லை உயர்த்திச் சுழற்றிக்கொண்டு சங்கிலியைத் துடைக்கும்போது நிலைச்சக்கரம் விரலைப் பிடித்தால் நில்லாது. விரலை இழந்தாரும் உளர். ஆகவே நம் மாணவர்க்குரியது பிறீவீலும், முன்னும் பின்னும் செவ்வையாகப் பிடிக்கும் இரண்டு பிறேக்குகளும் உடைய ஒற்றைப் பற்சக்கர வண்டியே. இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

இனி, மறுப்போர் கூற்றையும் நோக்குவோம். "பழம்பொருளின் மூல உருவத்தைச் சிதைப்பது முறையோ?" என்பர் ஒரு சாரார். சட்டத்தில் உள்ள கொளுவியை அறுத்தெறிவதும், துளையிடுவதும், புதுநிறம் பூசுவதும் முறையன்று என்பதை நானும் உடன்படுவேன். கழற்றிய உறுப்புக்களை எண்ணெயிட்டுத் துணியிற் சுற்றி வைத்தால், வேண்டியபோது பழைய நிலைக்கு மீட்கலாம். உண்மையில் அரியதொரு வண்டி, பொறியும் பழுதின்றி உள்ளதாயின், அதனைத் தொடாது விடுக. "மலைநாட்டில் இது பயன்படுமோ?" என்பர் வேறு சிலர். பயன்படாது. கண்டியிலும் அற்றனிலும் வாழும் நம் அன்பர்கள் தம் கியர்களைப் பேணிக்கொள்வார்களாக. "பலவேக வண்டிகள் வந்துவிட்ட காலத்தில் ஒற்றை வேகம் வறுமையின் அடையாளம் அன்றோ?" என்பது மூன்றாவது. இதற்கு விடையிறுக்க நாணுகின்றேன். மேலைநாடுகளில் இதே ஒற்றைப் பற்சக்கரத்தை நாகரிகமெனக் கொண்டு பெரும்பொருள் கொடுத்து வாங்குகின்றனர். நாகரிகத்துக்காகவும் வேண்டாம், வறுமைக்காகவும் வேண்டாம். தேவைக்குப் போதுமானது என்பதனாலேயே இதனை மேற்கொள்வோம்.

நிறைவு விழாக்களில் வளைவும், கல்வெட்டும், பொன்னாடையும் வழக்கமாய்விட்டன. அவற்றைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. ஆயினும் அச்செலவிற் சிறுபகுதியை ஒதுக்கி, கல்லூரியின் சைக்கிள் கொட்டகையை ஒட்டி ஒரு வேலைமேசையை அமைக்கலாகாதா? அதற்கு வேண்டியவை சில சாவிகள், பிறீவீல் கழற்றும் கருவி, சங்கிலியின் ஆணியைத் தள்ளும் கருவி, கம்பிச் சாவி, காற்றடிக்கும் பம்பி, ஒரு போத்தல் எண்ணெய் என்பனவே. ஊரில் நெடுங்காலம் சைக்கிள் திருத்தும் ஒருவரை வாரத்தில் ஒரு பிற்பகல் ஆசிரியராக அழைத்து, ஆசிரியர்க்குரிய மதிப்பும் ஊதியமும் கொடுத்து இருத்துக. கையிற் கறைபடிந்த அறிவையும் கல்வியென நம் மாணவர் உணர அதனினும் நல்ல வழி இல்லை. பழைய மாணவர் தம் வீட்டிற் கிடக்கும் வண்டிகளை அனுப்புக. மாணவர் அவற்றைக் கழற்றிக் கழுவிப் பூட்டுக. முடிவுற்ற வண்டியை ஆசிரியர் ஓட்டிப் பார்த்து, இரண்டு பிறேக்குகளையும் சோதித்த பின்னரே வெளியே விடுக.

அவ்வண்டிகள் நெடுந்தூரத்திலிருந்து நடந்து வரும் மாணவர்க்குச் சேர்வனவாகுக. ஒரே நிபந்தனை: பெறுபவன் அதனைப் பூட்டுவதில் தானும் பங்குகொண்டிருத்தல் வேண்டும். இரந்து பெற்றதென்ற எண்ணம் அவனுக்கு ஏற்படாது. பழுதுற்றால் பிறரை நாடி நிற்கவும் மாட்டான். மழைநாளிற் பாடத்துக்கு வாராது தங்கிவிடும் பிள்ளை நேரத்துக்கு வந்து அமர்வான். இதனினும் பெரிய விழா மலர் ஒன்றை நம் கல்லூரித் தாய்க்கு நாம் சூட்டுதல் அரிது.

பழைய மாணவர் சங்கத்தார் இதனைத் தம் அடுத்த கூட்டத்தில் ஆராய்ந்து ஆவன செய்வார்களாக. மற்றையோர் இன்றே தம் கொட்டகைக் கதவைத் திறந்து பார்ப்பார்களாக.