கடல் ஆடினா நீ ஆடாதே மச்சி!

காவிரிக் கரையில வளர்ந்த நம்ம கைலாசபுரம் பசங்களுக்குக் கடல்னா சினிமாவுல பார்த்ததுதான். ஆனா, நாகப்பட்டினம் டு காங்கேசன்துறை கப்பல் வந்ததுல இருந்து 'செமஸ்டர் லீவுக்கு யாழ்ப்பாணம் போலாமா?'ங்கிறதுதான் கேன்டீன் பேச்சு. போலாம் பாஸ், ஆனா ரெடியா போங்க!

2023 அக்டோபர் 14-ல கிளம்பின 'செரியாபாணி' கப்பல், வடகிழக்குப் பருவமழையால சில நாள்லயே நின்னுபோச்சு. மறுபடி 'சிவகங்கை' கிளம்பினது 2024 ஆகஸ்ட் 16-ல. அதனால அக்டோபர் டு டிசம்பர் வேண்டவே வேண்டாம். ரிட்டர்ன் வர்ற மறுநாளே எக்ஸாமா? கப்பல் கேன்சலானா அரியர் கேரண்டி! துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்தியிருக்காங்களான்னு நியூஸைப் பார்த்துட்டுக் கிளம்புங்க.

சரி, ஏன் குமட்டுது? காதுக்குள்ள இருக்கிற பேலன்ஸ் சென்சார் 'ஆடுது'ங்கும். முன்சீட்டைப் பார்க்கிற கண்ணு 'ஆடலையே'ங்கும். ரெண்டு சிக்னலும் மோதினா வயித்துல கலாட்டா! செல்போனை உள்ளே வெச்சுட்டு தொடுவானத்தைப் பாருங்க. சீ-சாவுல நுனியில இருக்கிறவன்தானே எகிறுவான்? கப்பல்லயும் அப்படித்தான், நடு சீட்தான் பெஸ்ட். காலி வயிறும் ஆகாது, ஃபுல் பிரியாணியும் ஆகாது. ரெண்டு இட்லி போதும். மாத்திரைன்னா டாக்டரைக் கேட்டு, கிளம்புறதுக்கு முன்னாடியே போடணும். வாந்தி ஆரம்பிச்சப்புறம் போட்டா உள்ளே தங்காது. பஸ் ஸ்டாண்ட் இஞ்சி மொரப்பாவும் சிலருக்குக் கைகொடுக்கும்.

'இன்னிக்குக் கப்பல் இல்லை'ன்னு சொன்னா கோபப்படாதீங்க. கடல்கிட்ட மட்டும் பந்தா காட்டக் கூடாது மச்சி!