பிள்ளைகளிடம் பேசத் தயங்கலாமா?

பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பற்றி நம் வீடுகளில் நிறையப் பேசுகிறோம். கல்லூரியில் இடம், வேலை, ஊரில் வாங்க வேண்டிய மனை என்று எல்லாம் பேசுகிறோம். குடியைப் பற்றியும் கஞ்சாவைப் பற்றியும் மட்டும் வாய் திறப்பதில்லை. பேசினால் நாமே கற்றுக்கொடுத்தது போலாகிவிடுமோ என்ற அச்சம் ஒரு பக்கம். 'நம் பிள்ளை அப்படிப் போகமாட்டான்' என்ற நம்பிக்கை மறு பக்கம். நாம் பேசாததைக் கூட்டாளிகள் பேசிவிடுகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

இது தாராவியின் தொல்லை என்று மாட்டுங்காவும் செம்பூரும் நினைக்கின்றன. பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் தொல்லை என்று தாராவி நினைக்கிறது. இரண்டும் தவறு. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள்; 3 கோடிப் பேருக்கு மேல் கஞ்சா, சரஸ், பாங்கு ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். ஹோலியன்று தண்டாயில் கலக்கும் பாங்கும் கஞ்சாச் செடியின் இலைதான். ஊரிலிருந்து வந்த பெற்றோர் பலருக்கு இது தெரியாது. இங்கே பிறந்த பிள்ளைக்குத் தெரியும்.

தூத்துக்குடியிலிருந்து வந்து வி.டி. நிலையத்தில் சுமை தூக்கிய வரதராஜன் முதலியார், மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயத்தால் பெரும்புள்ளியானார். மாட்டுங்கா நிலையத்தருகே அவர் போட்ட கணபதிப் பந்தலை நம்மவர்கள் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள். 1987இல் வந்த 'நாயகன்' படத்தைக் குடும்பத்தோடு பார்க்கிறோம். ஆனால் அந்தச் சாராயம் எத்தனை வீட்டுக் கூலியைத் தின்றது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. 2015இல் மலாடு மால்வணியில் விஷச்சாராயம் 100 பேருக்கு மேல் பலி கொண்டது. 2024இல் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். இவையும் நாம் வீட்டில் பேச வேண்டிய செய்திகளே.

எப்படிப் பேசுவது? முதலில், பத்துப் பதினொரு வயதிலேயே தொடங்கலாம். பத்தாம் வகுப்பு முடியட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். இரண்டாவது, மிகைப்படுத்த வேண்டாம். 'ஒரு முறை இழுத்தாலே பைத்தியம்' என்று பயமுறுத்தினால், இழுத்த நண்பன் மறுநாள் நன்றாகப் பரீட்சை எழுதுவதைப் பார்க்கும் பிள்ளை, நாம் சொன்ன அனைத்தையும் பொய் என்று தள்ளிவிடுவான். உண்மையே போதும். மூளை இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதற்குள் கஞ்சா பழகினால் நினைவாற்றலும் கவனமும் குறையும். சிலருக்கு மனநோயும் வரும். மகாராஷ்டிரத்தில் பீருக்கு 21 வயதும் வீரியம் மிக்க மதுவகைகளுக்கு 25 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். கஞ்சா வைத்திருப்பது 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அளவு சிறிதானாலும் சிறைத்தண்டனைக்கு இடமுண்டு.

மூன்றாவது, நம் நடத்தை. மாலையில் பாட்டிலைத் திறந்துகொண்டு 'போய் சோடா வாங்கி வா' என்று மகனை அனுப்பும் தகப்பன் என்ன உபதேசம் செய்தாலும் பயனில்லை. மகனுக்குச் சொல்வதை மகளுக்கும் சொல்ல வேண்டும். பிள்ளை இந்தியிலோ ஆங்கிலத்திலோ பதில் சொன்னால் சொல்லட்டும். அந்த நேரத்தில் அவன் தமிழைத் திருத்த வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாக்குக் கொடுங்கள்: "எங்கேயாவது சிக்கிக்கொண்டால், நடுராத்திரியானாலும் எனக்குப் போன் செய். வந்து கூட்டிப்போகிறேன். மற்றதை மறுநாள் பேசிக்கொள்வோம்." குடும்ப மானம் போய்விடும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை, ஆபத்தில் நம்மைக் கூப்பிடமாட்டான்; நமக்குத் தெரியாமல் மறைக்கவே பார்ப்பான்.

ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளையை அடிப்பதாலோ ஊருக்கு அனுப்பிவிடுவதாலோ பழக்கம் போய்விடாது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். குடிப்பழக்கம் ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு, குடும்பமும் அதில் பங்கேற்க வேண்டும் என்று நம் சமூகத்துக்கு எடுத்துக்காட்டியவர் அவர். மும்பையில் சயான், கே.இ.எம். மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளை நாடலாம். 14446 என்ற அரசின் இலவசத் தொலைபேசியிலும் ஆலோசனை கிடைக்கும். போதைக்கு அடிமையானவர் தாமாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறவும் அதே சட்டத்தில் வழி உண்டு. ஆகவே போலீசுக்குப் பயந்து மருத்துவரிடம் போகாமல் இருக்க வேண்டாம்.

தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இசைக்கும் பட்டிமன்றத்துக்கும் நேரம் ஒதுக்குகிறோம். அடுத்த விழாவில், தமிழ் தெரிந்த ஒரு மனநல மருத்துவரை அழைத்து அரை மணி நேரம் பேச வைப்போம். பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். வீட்டுக்குத் திரும்பும் ரயிலிலேயே அவர்களுக்குள் பேச்சு தொடங்கிவிடும்.