காய்ச்சல்காரரின் சட்டையைக் கழற்றிப் பாருங்கள்

2022 ஜூனில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் உண்ணிக் காய்ச்சல் சில நாட்கள் இடைவெளியில் இரண்டு உயிர்களைக் கொண்டுபோயிற்று. வர்க்கலைப் பக்கம் ஒரு பள்ளி மாணவி, பாறசாலைப் பக்கம் ஒரு பெண். இம்மாதிரி நேரங்களில் சுகாதாரத் துறை தரும் அறிவுரை, புதரை வெட்டு, எலியை ஒழி என்பது. தவறில்லை, இந்நோயைப் பரப்பும் உண்ணி ஒட்டி வளர்வது எலி போன்றவற்றின் உடலில்தான். ஆனால் ரப்பர் தோட்டமும் ஆளில்லாத மனையும் ஒரு மழைக்கே தழைத்துவிடும் ஊரில் அரிவாளை நம்பி நோயைத் தடுக்க முடியாது. அரசின் கவனம் குவிய வேண்டிய இடம், காய்ச்சல்காரர் முதலில் வந்து நிற்கும் ஆரம்ப சுகாதார நிலையம்.

இந்நோயில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் தாமதம். கடிபட்டது தெரியாது, பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரும். கடிவாயில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருத்த பொருக்கு இருக்கும், வலிக்காது. அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், இடுப்புக் கயிறு இறுகும் இடம் என்று துணியை விலக்கினால்தான் கண்ணில் படும். வரிசை வாசலைத் தாண்டி நிற்கும் ஓ.பி.யில் யார் விலக்கிப் பார்க்கிறார்கள்? முதல் வாரத்து ரத்தப் பரிசோதனையும் ஏமாற்றலாம். வழக்கமாக எழுதித்தரும் அமாக்சிசிலின் இந்தக் கிருமியிடம் பலிக்காது. கேட்பது மலிவான டாக்சிசைக்ளின், கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றினால் சிக்கல் குறைகிறது என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் காட்டியது. அது ஐ.சி.யு. வரை வந்துவிட்டவர்களுக்கான வழி.

சந்தேகத்தின் பேரில் டாக்சிசைக்ளின் கொடுத்தால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்பார்கள். பலிக்காத ஆன்டிபயாட்டிக்கை இப்போதே தாராளமாகக் கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம்? 2018 வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சலைத் தடுக்க இதே மாத்திரையை ஊர் ஊராக விநியோகித்த மாநிலம் இது. கவனத்தை ஓ.பி. பக்கம் திருப்பினால் மற்றக் காய்ச்சல்களுக்கான கொசு ஒழிப்பைக் கைவிடலாமா என்ற கேள்வி இன்னும் நியாயமானது. கூடாது. டெங்குவுக்கும், 2021-ல் பாறசாலையில் தலைகாட்டிய ஜிகாவுக்கும் தனி மருந்தில்லை. வீட்டில் ஞாயிறு, பள்ளியில் வெள்ளி, அலுவலகத்தில் சனி என்று தேங்கிய நீரைக் கொட்டும் ‘டிரை டே’ தொடரத்தான் வேண்டும். குறைக்க வேண்டியது கொசுப்புகை அடிக்கும் வண்டியை. அது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், பூந்தொட்டித் தட்டில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. தெருவில் போனால் எல்லோர் கண்ணிலும் படும் என்பதே அதன் பெரிய தகுதி.

காய்ச்சல்காரரின் ஓ.பி. சீட்டில் ‘பொருக்கு பார்க்கப்பட்டதா’ என்று ஒரு கட்டம் அச்சடிக்க அதிகம் செலவாகாது. தமிழ்நாட்டு எல்லையான களியக்காவிளைக்கு அப்பாலிருந்தும் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு நோயாளிகள் வருகிறார்கள். அவர்களில் உறுதியாகும் ஒவ்வொரு உண்ணிக் காய்ச்சலையும் கன்னியாகுமரி மாவட்டச் சுகாதார அதிகாரிக்கு அன்றே தெரிவிக்கும் ஏற்பாடும் வேண்டும்.