அளவறிந்து ஒதுக்குக

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் இயங்கிவருவதால், அச்சன்புதூர் முதலிய சிற்றூர்களின் இளைஞர்க்குக் கணினித் தொழில் தூரதேசத்து விஷயமாக இல்லாமற் போயிற்று. ஆதலின் நினைவகத்தை அளவறிந்து ஒதுக்குதல் என்னும் அத்தொழிலின் சூக்ஷ்மமான கடமையொன்றை இங்கே வற்புறுத்துவது அவசியமாகிறது.

வேறொரு கணினியிலுள்ள கோப்புகளை வலையமைப்பின் வழியே சொந்தக் கோப்புகளைப்போல் கையாள உதவும் என்.எஃப்.எஸ். முறையை 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கியது. அதில் செல்லும் ஒவ்வொரு செய்திக்கும் நினைவகத்தில் பஃபர் என்னும் இடம் முன்னதாகவே ஒதுக்கப்படுகிறது. ‘அச்சன்புதூர்’ என்று ஒரு கோப்புக்குப் பெயரிட்டால், கண்ணுக்கு ஏழெழுத்தே தோன்றினும், யூனிகோடின் யு.டி.எஃப்.-8 முறையில் அது 36 பைட்டு. நீளத்தைக் குறிக்க 4 சேர்த்து 40. ‘குற்றாலம்’ 27 பைட்டேயாயினும், அம்முறையின் விதிப்படி நான்கின் மடங்காக்க ஒன்றை நிரப்பி, நீளத்தையும் கூட்டினால் 32. எழுத்தை எண்ணி இடம் ஒதுக்குபவன் தமிழ்ப் பெயரிடத்தே தவறுவது நிச்சயம்.

2022இல் லினக்ஸ் இயங்குதளத்தின் என்.எஃப்.எஸ். சர்வரில் வெளிப்பட்ட குற்றம் இதனினும் ஆழமானது: வரும் கோரிக்கைக்கும் போகும் விடைக்கும் நினைவகப் பக்கங்கள் பொதுவாயிருந்தமையால், கோரிக்கையின் இறுதியில் வீண்தரவை இணைத்தனுப்பியவர் விடைக்குரிய இடத்தைக் குறுக்கிவிட முடிந்தது, அதனை எதிர்பாராத நிரல் எல்லை கடந்து எழுதிற்று. 6.0.2 பதிப்பில் அது திருத்தப்பட்டது.

இத்தகைய திருத்தத்தில் ஒதுக்கும் அளவை உத்தேசமாகப் பெருக்கிவிடுவது பரிகாரமாகாது. செய்தியின் ஒவ்வோர் உறுப்பின் உச்ச அளவையும் தனித்தனியே பெயரிட்டுக் கூட்டிக் காட்டுவதும், எழுதுமுன் மிஞ்சிய இடத்தைச் சோதிப்பதுமே முறை. லினக்ஸின் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருக்கையில், நம் கல்லூரிகள் இத்திருத்தங்களை வரிவரியாகப் படிப்பிக்காதிருப்பது பெருங்குறை. வரும் கல்வியாண்டிலேயே அதைத் தொடங்க வேண்டும்.