மங்கலான பிரிண்ட்: பழி யார் மேல்?

லேசர் பிரிண்டரில் எழுத்து மங்கலாக வந்தால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? டோனர் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டி, புதிய கார்ட்ரிட்ஜ் வாங்குகிறோம். அல்லது ரீஃபில் செய்பவருக்கு போன் போடுகிறோம். அதற்கும் சரியாகவில்லை என்றால், கம்ப்யூட்டரில் உட்காருபவர் மேல் பழியைப் போடுகிறோம். அச்சான பேப்பரை மட்டும் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. பிரிண்டரில் என்ன பழுது என்பதை அந்தப் பேப்பரே பெரும்பாலும் சொல்லிவிடும் என்பது என் கருத்து.

நான் கோவையில் சாப்ட்வேர் இன்ஜினியராக இருக்கிறேன். என் தாய்மாமா மடத்துக்குளத்தில் சிறிய தையல் யூனிட் நடத்துகிறார். திருப்பூர் ஏற்றுமதியாளர் ஒருவருக்கு ஜாப் ஒர்க். தைத்த டி-ஷர்ட்டுகளைப் பெட்டியில் அடுக்கி, ஒவ்வொரு பெட்டியிலும் பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்ப வேண்டும். ஸ்டிக்கர் அச்சாவது ஆபீஸ் லேசர் பிரிண்டரில்தான்.

ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மாமா கொதித்துக்கொண்டு இருந்தார். பார்கோடை ஸ்கேனர் படிக்கவில்லை என்று 40 பெட்டிகளுக்கும் வேறு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லிவிட்டார்களாம். "ரெண்டு கார்ட்ரிட்ஜ் மாத்தியாச்சு மாப்பிள்ளை. அந்தப் புள்ளதான் செட்டிங்கை என்னமோ பண்ணி வெச்சிருச்சு. இந்த மாசச் சம்பளத்துல பிடிச்சாத்தான் சரிப்படும்" என்றார். அந்தப் பெண் பிளஸ் டூ முடித்து, டேலி படித்துவிட்டு வேலைக்கு வந்தவர். "நான் எதையுமே தொடலைங்கண்ணா" என்று மட்டும் சொன்னார்.

சாப்ட்வேரில் பிழை தேடும்போது ஒரு விதி உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் என்ன வந்தது என்று பார். அதையே இங்கும் செய்தேன். நல்ல வேளையாக, அந்தப் பெண் பேக்கிங் லிஸ்ட் நகல்களைத் தேதிவாரியாக ஃபைலில் வைத்திருந்தார். பழைய கார்ட்ரிட்ஜில் அச்சானது, முதலில் மாற்றியதில் அச்சானது, இரண்டாவதில் அச்சானது என மூன்றையும் அருகருகே வைத்தோம். மூன்றிலும் இடது ஓரத்தில் இருந்து ஏறக்குறைய ஒன்றரை அங்குலத்தில், மேலிருந்து கீழாக ஒரே வெளிறிய கோடு!

கார்ட்ரிட்ஜ் மாறியும் கோடு நகரவில்லை என்றால் கோளாறு கார்ட்ரிட்ஜில் இல்லை. டோனர் சேவ் போன்ற செட்டிங்குகளை மாற்றியிருந்தால் பக்கம் முழுவதும் ஒரே சீராக மங்கியிருக்கும். ஒற்றைக் கோடு விழாது. எனவே அந்தப் பெண் மேலும் தவறு இல்லை. மிச்சம் இருப்பது மெஷினின் உள்பக்கம்.

லேசர் பிரிண்டரில் டிரம் என்ற உருளைக்கு முதலில் மின்னூட்டம் ஏற்றப்படுகிறது. அதன் மேல் லேசர் ஒளி எழுத்தை வரைகிறது. ஒளி பட்ட இடத்தில்தான் டோனர் தூள் ஒட்டும். லேசர் வரும் கண்ணாடியில் ஒரு பஞ்சு இழை படிந்தாலும், அதன் நிழல் விழும் இடத்தில் டோனர் குறையும். பேப்பர் நகர நகர அது நீளக் கோடாகிவிடும். செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கில் முதல் ஜெராக்ஸ் படத்தை எடுத்தபோது, கந்தகம் பூசிய தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்துத்தான் மின்னூட்டம் ஏற்றினார்கள். துணியின் உதவியால் பிறந்த தொழில்நுட்பம் இது. எங்கள் யூனிட்டில் துணியின் பஞ்சே அதற்கு எதிரியாகிவிட்டது. கட்டிங் டேபிளுக்கும் பிரிண்டருக்கும் நடுவே இருந்தது ஒரு பிளைவுட் தடுப்பு மட்டும்தான்.

நல்ல வேளை, அந்த மாடலில் கார்ட்ரிட்ஜைக் கழற்றினால் அந்தக் கண்ணாடி தெரியும். மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்தேன். அடுத்த பக்கத்தில் கோடு இல்லை. செலவும் இல்லை.

உங்கள் ஆபீசிலும் முதலில் பேப்பரைப் பாருங்கள்.

1. பக்கம் முழுவதும் சீராக மங்கல்: டோனர் சேவ் அல்லது எகானமி மோடு, டென்சிட்டி செட்டிங் ஆகியவற்றைச் சரிபாருங்கள்.

2. ஒரு பக்கமாக மங்கல்: கார்ட்ரிட்ஜைக் கழற்றி, இடமும் வலமுமாக ஐந்தாறு முறை மெதுவாக ஆட்டிப் போடுங்கள். எழுத்து தெளிந்தால் டோனர் தீரப் போகிறது.

3. வெளிறிய நெடுங்கோடு: வேறு கார்ட்ரிட்ஜ் போட்டும் அதே இடத்தில் வந்தால் லேசர் கண்ணாடியைச் சந்தேகியுங்கள். சில மாடல்களில் அது மூடிய பெட்டிக்குள் இருக்கும். அதை டெக்னீஷியனிடம் விடுங்கள்.

4. திட்டுத் திட்டாக மங்கல்: பேப்பர் ஈரம் இழுத்திருக்கலாம். புதிய கட்டைப் பிரித்து ஒரு தாள் அச்சிட்டுப் பாருங்கள்.

5. சம இடைவெளியில் ஒரே கறை: இடைவெளியை ஸ்கேலால் அளந்திடுங்கள். 24 மி.மீ. விட்டமுள்ள டிரம் என்றால் சுமார் 75 மி.மீ.க்கு ஒரு முறை கறை விழும்.

6. விரலால் தேய்த்தால் எழுத்து உதிர்கிறது: பேப்பர் டைப் செட்டிங், அடுத்து சூடேற்றும் ஃப்யூசர்.

உள்ளே கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, ஃப்யூசர் ஆறும்வரை காத்திருங்கள். டிரம்மைத் தொடாதீர்கள், வெளிச்சத்திலும் வைக்காதீர்கள். பனியன் வேஸ்டால் துடைக்க வேண்டாம். அதுவே பஞ்சு உதிர்க்கும். டோனர் துணியில் கொட்டினால் உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் கறை நிலைத்துவிடும்.

அவசரத்துக்கு ஒரு வழியும் உண்டு. பார்கோடை 90 டிகிரி திருப்பி அச்சிடுங்கள். பார்கோடின் கோடுகளுக்கு இணையாக வெளிறல் விழுந்தால் ஒரு கோடே காணாமல் போகும். குறுக்கே விழுந்தால் மற்ற இடத்தில் ஸ்கேனர் படித்துவிடும்.

ரீஃபில் செய்பவர்களைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. காரணம் தெரியாமல் பாகத்தை மாற்றும் பழக்கத்தைத்தான் குறை சொல்கிறேன். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 பட்டியலில் பிரிண்டரோடு கார்ட்ரிட்ஜும் இருக்கிறது. தேவையில்லாமல் தூக்கிப் போடும் ஒவ்வொன்றும் காசு மட்டுமல்ல, கழிவும்கூட. அதைவிட மோசம், நாம் தேடாத காரணத்துக்கு ஒரு பெண்ணின் சம்பளம் போவது.

மாமா சம்பளத்தில் கை வைக்கவில்லை. பிரிண்டர் இப்போது முன்அறையில், உறை போட்டு இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் மாற்றும் நாளில் தேதி எழுதி ஒரு தாளை ஃபைலில் வைப்பது அந்தப் பெண்ணின் பழக்கம் ஆகிவிட்டது. நீங்களும் இதைச் செய்யுங்கள். அடுத்த முறை எழுத்து மங்கினால், முதலில் அந்த ஃபைலைத் திறங்கள். பர்ஸைத் திறப்பது பிறகு இருக்கட்டும்.