சீசரிடம் மேல்முறையீடு செய்தவர் நம்மவரே

சென்ற மாதம் எங்கள் பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒரு விண்ணப்பம் வாசிக்கப்பட்டது. விண்ணப்பித்தவள் விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகள். இங்கேயே சட்டம் பயின்று வழக்குரைஞராகப் பதிவு செய்துகொண்டவள். ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் பன்னாட்டு மனித உரிமைச் சட்டத்தில் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கல்வி உதவி பெறுவதற்குப் பங்கின் பரிந்துரையை வேண்டியிருந்தாள். வாசித்து முடிந்ததும் பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"சாமி, நர்சிங் படிச்சா ஊட்டுக்குக் கஞ்சி ஆவும். இதப் படிச்சா ஊருக்கு வம்புதான் ஆவும்" என்றார்.

சிலர் சிரித்தார்கள். மனித உரிமை என்பது கடவுளை மறந்த மேலைநாட்டார் கண்டுபிடித்த சரக்கு என்றார் இன்னொருவர். நீதிமன்றப் படியேறுவது கிறித்தவப் பொறுமைக்கு அழகன்று என்றார் மூன்றாமவர். பரிந்துரை அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. அன்று அவையில் நான் அடக்கிக்கொண்ட சினமே இக்கட்டுரை.

பொறுமையைப் பற்றிப் பேசியவருக்கு முதலில் விடை கூறுகிறேன். பவுலடியார் தர்சு நகரில் பிறந்து, எருசலேமில் கமாலியேலின் காலடியில் அமர்ந்து திருச்சட்டம் கற்றவர். சாட்டையடிக்காக அவரைக் கட்டியபோது அவர் வாளாவிருந்தாரா? தீர்ப்பு வழங்கப்படாத உரோமைக் குடிமகனை அடிக்கச் சட்டத்தில் இடமுண்டா என்று நூற்றுவர் தலைவரைக் கேட்டார். பிலிப்பியில் அதிகாரிகள் அவரை ஓசைப்படாமல் விடுவிக்க முயன்றபோதும் அவர் வெளியேற மறுத்தார். தீர்ப்பின்றி எங்களை வெளிப்படையாக அடித்தவர்கள் நேரில் வந்து அழைத்துச் செல்லட்டும் என்றார். இறுதியில் பெஸ்துவின் முன்னிலையில் சீசரிடம் மேல்முறையீடு செய்தார். கிறிஸ்துவுக்காகக் கல்லெறியும் சிறையும் தாங்கியவரே சட்டத்தின் வாசலையும் தட்டினார். ஒன்று மற்றொன்றுக்குப் பகை என்று அவருக்குத் தோன்றவில்லை.

மேலைநாட்டுச் சரக்கு என்ற குற்றச்சாட்டில் ஒரு சிறு உண்மை உண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. 1832-இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் மனச்சான்றுச் சுதந்திரத்தைக் கடுமையாகக் கண்டித்தார். திருச்சபை இந்த இடத்திற்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. ஆனால் வந்துசேர்ந்துவிட்டது. ஐக்கிய நாடுகள் அவை 1948 திசம்பர் 10 அன்று ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தைத் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் 1963-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் போற்றினார். மனிதரின் உரிமைகளையும் கடமைகளையும் அம்மடலிலேயே விரிவாக வகுத்துரைத்தார். அப்பிரகடனத்தின் முதல் பிரிவில் 'ஆண்கள்' என்றும் பொருள்படும் சொல்லை அகற்றி 'மனிதர் அனைவரும்' எனப் பொருள்படச் செய்தவர் நம் நாட்டு ஹன்சா மேத்தா. அமெரிக்காவில் நோத்தர்தாம் பல்கலைக்கழகத்தின் மனித உரிமை மையத்தை 1973-இல் நிறுவியவர் ஹெஸ்பர்க் என்னும் திருச்சிலுவைச் சபைக் குரு. ஐரோப்பிய மனித உரிமை முதுநிலைப் படிப்பு 1997-இல் தொடங்கியது. அது இன்று இயங்குவது வெனிசு நகரையொட்டிய லீதோ தீவில், புனித நிக்கோலாவின் பெயர் தாங்கிய ஒரு பழைய துறவு மடத்தில். கடவுளை மறந்தவர்கள் கூடும் இடமாக எனக்கு அது தோன்றவில்லை.

சரி, இப்படிப்பால் நம் ஊருக்கு என்ன பயன்?

பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் முன்பணம் என்ற சொல் தெரியாத தறித் தொழிலாளர் வீடு உண்டா? மகளின் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ தறி உரிமையாளரிடம் வாங்கிய பணம் கூலியில் கழிந்துகொண்டே இருக்கும், தீராது. வேறு தறிக்குப் போவதென்றால் புதிய உரிமையாளர் பழைய கடனை அடைத்து ஆளை அழைத்துக்கொள்வார். மனிதர் கைமாறுகிறார், கடன் மாறுவதில்லை. பன்னாட்டுத் தொழில் அமைப்பின் கட்டாய உழைப்பு உடன்படிக்கை 1930-இல் பிறந்தது; இந்தியா 1954-இல் அதை ஏற்றது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி, கொடுத்த கடன் கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவரே, தொழிலாளி அன்று. இந்த ஒரு விதியை அறிந்து, மாவட்ட ஆட்சியர் முன் எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் எத்தனை குடும்பங்கள் வட்டியோடு முதுமை அடைகின்றன! அந்த மகள் அங்கே வகுப்பறையில் படிக்கப்போவது அவள் தந்தையின் கணக்குப் புத்தகத்தைத்தான்.

வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 சூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் அம்மலையடிவார ஊருக்குள் புகுந்தன. பழங்குடி மக்கள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 அலுவலர்கள் மீது வழக்கு. தீர்ப்பு 2011 செப்டம்பரில் வந்தது. அதற்குள் 54 பேர் இறந்துபோயினர், எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அவ்வழக்கைச் சுமந்தவர்கள் மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் மார்க்சியக் கட்சித் தோழர்களும். தருமபுரி மறைமாவட்டம் 1997-இல்தான் நம்மிடமிருந்து பிரிந்தது. ஆகவே 1992-இல் வாச்சாத்தி நம் எல்லைக்குள் இருந்த ஊர். அப்போது நான் குருமட மாணவன். நேர்மையற்ற நடுவரின் கதவை விடாது தட்டிய கைம்பெண்ணின் உவமைக்கு எத்தனையோ விளக்கவுரைகள் படித்தோம். வாச்சாத்தி என்ற பெயரை ஒரு வகுப்பிலும் நான் கேட்டதில்லை. கேட்க வேண்டுமென்று எனக்கும் தோன்றவில்லை.

வாச்சாத்திக்காக வாதாடியவர்கள் வெனிசில் படித்தவர்களா என்று நீங்கள் என்னை மடக்கலாம். நியாயமான கேள்வியே. துணிவு பட்டத்தால் வருவதில்லை. ஆனால் துணிவுக்குக் கருவி வேண்டும். இராசஸ்தானில் பன்வாரி தேவிக்கு நேர்ந்த கொடுமையை அடுத்து எழுந்த விசாகா வழக்கில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க உள்நாட்டுச் சட்டமே இல்லாதிருந்தது. பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் பன்னாட்டு உடன்படிக்கையைத் துணைகொண்டு 1997-இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. 2013-இல் அது சட்டமாயிற்று. இன்று நாமக்கல் நூற்பாலையில் வேலை செய்யும் நம் பங்குப் பெண்பிள்ளைக்கு அச்சட்டம் காவல். எங்கோ ஒருவர் அந்த உடன்படிக்கையைப் படித்திருந்ததால் கிடைத்த காவல் அது. இந்தியா சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் அதே 1997-இல் கையெழுத்திட்டும் அதை ஏற்புறுதி செய்யவில்லை என்பதையும், மனித உரிமை ஆணையத்திடம் ஓராண்டுக்குள் முறையிட வேண்டும் என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இனி, அவையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணத்துக்கு வருகிறேன்.

அம்மகள் ஆதிதிராவிடக் கிறித்தவக் குடும்பத்தவள். பட்டியல் சாதி மாணவர் வெளிநாட்டில் படிக்க மைய அரசு வழங்கும் உதவித்தொகையை அவள் கேட்க முடியாது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்திற்று. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்த கதவு நமக்குத் திறக்கவில்லை. சூசை என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளி உச்ச நீதிமன்றம் வரை சென்றார். மதம் மாறிய பின்னும் அதே கடுமையான இழிநிலை தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று வைக்கப்படவில்லை என்று 1985-இல் அவர் மனு தள்ளுபடியாயிற்று.

சான்று இல்லையாம்! சான்று எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாதா? கல்லறைத் தோட்டங்களின் நடுவே எழுப்பிய சுவர்களில் இருக்கிறது. தேர்ப்பவனி எந்தத் தெருவோடு திரும்ப வேண்டும் என்ற சச்சரவுகளில் இருக்கிறது. ஞாயிறு மாலையில் சமாதானம் கூறிக் கைகுலுக்கிவிட்டு, திங்கள் காலையில் பெண் பார்க்கச் சாதி விசாரிக்கும் நம் வீட்டுத் திண்ணைகளில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 10-ஐக் கறுப்பு நாளாக அனுசரித்து அரசிடம் நீதி கேட்கிறோம். அந்நீதியை மெய்ப்பிக்கும் ஆவணம் நம் பங்குகளுக்குள்ளேயே இருப்பதால் அதை எழுத அஞ்சுகிறோம். சட்டம் படித்த ஒரு பெண் திரும்பி வந்து அதை எழுதிவிடுவாள். பெரியவர் சொன்ன வம்பு அதுதான். நம் அச்சம் ஐரோப்பாவைப் பற்றியதன்று, அவள் திரும்பி வருவதைப் பற்றியது.

அவள் திரும்பி வராமல் ஜெனீவாவிலேயே தங்கிவிடுவாளோ என்ற அச்சம் எனக்கும் உண்டு. அதை அவளிடமே கேட்டேன். "அப்பா கடன் இங்கதான சாமி இருக்குது" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பரிந்துரைக் கடிதத்தில் என் கையெழுத்தை இட்டுவிட்டேன். பேரவைச் செயலரின் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு, இரண்டாம் திருப்பலிக்குப் பின் பேரவை மீண்டும் கூடுகிறது. இம்முறை விண்ணப்பத்தை வாசிக்கப்போவது நான் அன்று. அவளே வந்து வாசிப்பாள். அந்தப் பெரியவருக்கு எதிர் நாற்காலியில் அமர்ந்து.